ஆற்றங்கரையை ஆறடிச் சுருளில் வரைய: பினோத் பிஹாரி முகர்ஜியின் வழியில் தொடங்குகிறவர்களுக்கு

காவிரி டெல்டாவில் இருந்துகொண்டு நிலக்காட்சி வரையப் பழகுகிறவர்களுக்கு ஒரு தொல்லை சீக்கிரமே வந்து சேரும். இங்கே மலை இல்லை, மேடு பள்ளம் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மட்டமாக வயல், வரப்பு, தென்னை வரிசை, தூரத்தில் ஒரு கோபுரம். அதை ஒரு ட்ராயிங் தாளில் வைத்தால் நடுவில் ஒரு கோடு, மேலே வானம், கீழே பச்சை என்று ஐந்து நிமிடத்தில் வேலை தீர்ந்துவிடும். பிறகு படத்துக்கு உயிர் கொடுக்க ஒரு மாட்டு வண்டியையோ குடம் தூக்கிய பெண்ணையோ கொண்டுவந்து நிறுத்துவோம். காலண்டர் படம் ரெடி.

தட்டை நிலத்தை வரைய வேறு வழி உண்டு. அந்த வழியில் போனவர் வங்காளத்து ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி. சீன, ஜப்பானியச் சுருள் ஓவியங்களை ஊன்றிப் பார்த்து, சாந்திநிகேதனைச் சுற்றியுள்ள பீர்பூம் மாவட்டத்தின் வறண்ட சமவெளியை நீள நீளமான தாள்களில் வரைந்தவர். அவரைப் பிடித்துக்கொண்டு நம் ஊர் ஆற்றங்கரை ஒன்றை ஆறடிச் சுருளாக வரைவது எப்படி என்று பார்ப்போம். இதுவரை தூரிகையே பிடிக்காதவர்களும் தாராளமாக இறங்கலாம்.

ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில் 1904-ல் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை, இன்னொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. சாந்திநிகேதனில் 1919-ல் கலாபவனம் என்ற கலைப் பள்ளி தொடங்கியபோது சேர்ந்த முதல் மாணவர்களில் ஒருவர். ஆசிரியர் நந்தலால் போஸ். அந்த நந்தலால் 1924-ல் ரவீந்திரநாத் தாகூரோடு சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போய்வந்தவர். அதற்கும் முன்பே, 1903-ல், யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்ஸோ என்ற இரண்டு ஜப்பானிய ஓவியர்கள் கல்கத்தாவுக்கு வந்து தங்கியிருந்தார்கள். தைகானிடமிருந்துதான் நந்தலாலின் ஆசிரியர் அவனீந்திரநாத் தாகூர் ஈர வண்ணத்தைக் கழுவிக் கழுவிப் பூசும் முறையை எடுத்துக்கொண்டார். ஆகவே கிழக்காசியக் காற்று பினோத் பிஹாரிக்கு வீட்டுக்குள்ளேயே வீசிக்கொண்டிருந்தது. 1937-38-ல் அவரே ஜப்பான் போனார். அந்நாட்டுப் பழைய ஓவியர்களான செஷ்ஷுவின் மை ஓவியங்களையும், சோதாட்சுவின் படங்களையும், தோபா சோஜோ பெயரில் வழங்கும் விலங்குகள் சுருளையும் விரும்பிப் பார்த்தவர்.

1950களின் பிற்பகுதியில் கண்புரை அறுவை சிகிச்சை கைகொடுக்காமல் பார்வை முழுதாகப் போய்விட்டது. அதற்குப் பிறகும் காகிதத்தை வெட்டி ஒட்டிப் படம் செய்தார், விரல் தடவிக் கோடு போட்டார், 1972-ல் கலாபவனச் சுவர் ஒன்றில் பீங்கான் ஓடுகளால் பெரிய ஓவியமே அமைத்தார். பத்ம விபூஷண் 1974-ல் வந்தது. 1980-ல் காலமானார். சினிமா இயக்குநர் சத்யஜித் ரேயும் ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியனும் அவரிடம் படித்தவர்கள். மாணவர்கள் பெயர் நமக்குத் தெரிகிறது, வாத்தியார் பெயர் தெரிவதில்லை. சாந்திநிகேதன் என்றாலே நந்தலாலும் சிற்பி ராம்கிங்கரும்தான் பேச்சில் வருவார்கள். இவர் மூன்றாவது ஆளாக நின்றுவிட்டார். என்னைக் கேட்டால், நம்மைப் போலச் சமவெளியில் இருப்பவர்களுக்கு அந்த மூவரில் அதிகம் பயன்படுகிறவர் இவர்தான்.

பார்க்கும் முறை

வரையத் தொடங்குமுன் ஒரு வாரம் பார்ப்பதற்கே ஒதுக்குங்கள். அவருடைய சுருள்களும் சுவரோவியங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. அவரைப் பற்றி 1972-ல் ரே எடுத்த ‘தி இன்னர் ஐ’ என்ற சிறிய ஆவணப்படத்தையும் தேடிப் பாருங்கள்.

போனில் சுருள் ஓவியம் பார்ப்பதில் எல்லோரும் செய்யும் தப்பு, முழுப் படத்தையும் திரைக்குள் அடக்கிப் பார்ப்பது. அப்போது அது ஒரு நூல்போலத் தெரியும், ஒன்றும் புரியாது. படத்தின் உயரம் திரையின் உயரத்தைத் தொடும்வரை பெரிதாக்குங்கள். அப்புறம் கட்டைவிரலால் மெதுவாக நகர்த்துங்கள். ஜப்பானில் சுருளைக் கையில் வைத்துப் பார்ப்பதும் இப்படித்தான். ஒரு கை விரிக்கும், மறு கை சுருட்டிக்கொண்டே போகும். இரண்டு கைக்கும் நடுவில் உள்ள அகலம்தான் ஒரு நேரத்தில் கண்ணில் படும். கிட்டத்தில் மட்டுமே பார்க்க முடிந்த ஒருவருக்கு இந்த வடிவம் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

சாந்திநிகேதன் ஹிந்தி பவனத்தில் 1946-47-ல் அவர் தீட்டிய ‘மத்தியகால சாதுக்கள்’ சுவரோவியத்தில் கொஞ்சம் தங்குங்கள். அங்கே கபீர், துளசிதாசர், சூர்தாசரோடு நம் ராமானுஜரும் இருக்கிறார். கூட்டம் கூட்டமாக மனிதர்கள் ஓர் ஆறு போல அந்த அறையின் சுவர்களில் ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஈரச் சுண்ணாம்பின்மேல், முழு அளவு நகல் எதையும் சுவரில் படியெடுக்காமல், நேராகத் தூரிகையால் போட்டது அது. ஈரச் சுவரில் போட்ட கோடு போட்டதுதான், அழிக்க வழியில்லை. மையும் காகிதமும் அப்படித்தான் என்பதால் இதை மனதில் வையுங்கள்.

1940-ல் கலாபவன விடுதியின் கூரையில் அவர் வரைந்த பீர்பூம் காட்சி இன்னொரு பாடம். நடுவில் குளம், அதைச் சுற்றி மரங்களும் வீடுகளும் ஆட்களும். எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்று ஒரு திசை கிடையாது. மகாமகக் குளத்தையோ திருவாரூர் கமலாலயத்தையோ வரைய ஆசைப்படுகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

சாமான்கள்

நிறைய வாங்க வேண்டாம். ஒரு மை, இரண்டு தூரிகை, காகிதம், இரண்டு டபரா.

மை: ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் இந்தியன் இங்க் வேண்டாம். பெரும்பாலும் அதில் அரக்கு கலந்திருக்கும். காய்ந்தால் தூரிகை மயிர் கட்டையாகிவிடும். சீன மை பாட்டிலாகவோ கட்டியாகவோ ஆன்லைனில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டி என்பது புகைக்கரியையும் விலங்குப் பசையையும் சேர்த்துச் செய்தது. கல்லில் துளி நீர் விட்டு வட்டமாகச் சந்தனம்போல மெதுவாக இழைக்க வேண்டும். அன்றைக்கு வேண்டிய மையை மட்டும் இழையுங்கள், மீந்ததை வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் மறுநாளே நாறும். ஐப்பசி, கார்த்திகையில் கட்டி பூஞ்சை பிடிக்கும். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, காற்றாட வைத்துப் பிறகு எடுத்துவையுங்கள்.

தூரிகை: ஆட்டுமயிர்த் தூரிகை ஒன்று, அது நீரை நன்றாகக் குடிக்கும், பூச்சுக்கு. கொஞ்சம் விறைப்பான, நுனி கூர்மையான ரவுண்டு பிரஷ் ஒன்று, கோட்டுக்கு. சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் அலசி, நுனி கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள்.

காகிதம்: முதல் மாதம் முழுக்க வெற்று நியூஸ்பிரிண்ட்டும் பழைய செய்தித்தாளும்தான். கை பழகாமல் விலை உயர்ந்த தாளைத் தொட்டால் பயத்திலேயே கோடு நடுங்கும். அப்புறம் சீனத்து நெல் காகிதம் என்று விற்பதையோ நேபாளத்து லோக்தா தாளையோ புதுச்சேரிக் கைக்காகிதத்தையோ முயலலாம். வாங்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். உடனே உறிஞ்சிப் பரவினால் அது பசை ஏற்றாத தாள். அதில் மை பூக்கும், கை வேகமாக ஓட வேண்டும். சொட்டு நின்றால் பசை ஏற்றிய தாள், தொடங்குகிறவருக்கு அதுவே சௌகரியம். தாளுக்கு அடியில் ஒரு பழைய கம்பளியை விரியுங்கள்.

கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருப்பதால் அங்கே படிக்கும் பிள்ளைகள் யாரையாவது பிடித்தால் சேர்ந்து வாங்கலாம், தபால் செலவு மிச்சம்.

கையைப் பழக்குதல்

மேசையிலோ தரையிலோ தாளை விரித்து, தூரிகையை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். மணிக்கட்டைத் தாளில் ஊன்றக் கூடாது. முழுக் கையும் தோளிலிருந்து அசைய வேண்டும். கிடைக்கோடு, நெடுங்கோடு, வட்டம். அவ்வளவுதான், இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, போட்டுக்கொண்டே இருங்கள். அடுத்து ஒரே மையில் நீர் கூட்டிக் கூட்டி ஐந்து சாயல் எடுங்கள்: கன்னங்கரேலிலிருந்து தண்ணீரோ என்று சந்தேகப்படும் சாம்பல்வரை.

இனி முக்கியமானது. யூடியூபில் எந்த மை ஓவியப் பாடம் பார்த்தாலும் மூங்கிலும் செர்ரிப் பூவும் பைன் மரமும் வரையச் சொல்வார்கள். மூங்கிலாவது நம் கொல்லையில் இருக்கிறது. பைனை எங்கே போய்ப் பார்ப்பது? பினோத் பிஹாரி ஜப்பானுக்குப் போய்வந்து ஃபுஜி மலையை வரைந்துகொண்டிருக்கவில்லை. பீர்பூமின் செம்மண் ஓடைகளையும் பனையையும் சந்தால் பழங்குடிகளின் கிராமங்களையும் வரைந்தார். அதனால் நாம் நாணலிலிருந்து தொடங்குவோம்.

நாணல் தண்டு ஒன்றை உற்றுப் பாருங்கள். அது அடியிலிருந்தே வளைவதில்லை. முக்கால் உயரம் நேராகப் போய், அங்கே ஒடிந்ததுபோல் திரும்பும். தூரிகை நுனியை மையில் தோய்த்து, அடியில் லேசாக அழுத்தி, மேலே போகப் போக அழுத்தத்தைக் குறைத்து, திரும்பும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, பக்கவாட்டில் இழுத்துத் தூக்கிவிடுங்கள். கோடு முடியும் இடம் தெரியக் கூடாது. இப்படி மூன்று தண்டுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளட்டும். நான்காவதை எதிர்ப்பக்கம் சாயுங்கள், காற்று வந்துவிடும். புரட்டாசி வாக்கில் வரும் வெள்ளைப் பூவுக்கு வெள்ளை வண்ணம் தேட வேண்டாம். பூ இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, சுற்றி மிக வெளிறிய மையைப் பூசுங்கள்.

பனைக்கு நேர்மாறான முறை. தூரிகையைப் பிழிந்து, பாதி உலர்ந்த கரு மையோடு அதைப் படுக்கவைத்து, கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. நடுநடுவே தாளின் வெள்ளை கீற்றுக் கீற்றாகத் தெரியும். பனையின் சொரசொரப்பு அதிலேயே வந்துவிடும். இதில் மெதுவாகப் போனால் கெட்டது. தென்னையை முதலில் தொடாதீர்கள். கீற்று கீற்றாக எண்ணி வரையத் தூண்டும் மரம் அது. கை தேறியபின் வரட்டும்.

நீரும் மணலும்

டெல்டாவை வரைகிறவருக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை. தை நடுவில் மேட்டூர் அணையை மூடினால் சித்திரை, வைகாசியில் ஆறு முழுக்க மணல். ஜூன் 12-ல் திறக்க வேண்டும் என்பது வழக்கம். திறந்த தண்ணீர் கல்லணை வந்து பிரிந்து, ஆடியில் படித்துறையை நனைக்கும். இரண்டையும் மையில் எப்படிக் காட்டுவது? இரண்டுக்கும் வெற்றுத் தாள்தான். மாறுவது கரை மட்டும்.

தண்ணீர் வேண்டுமென்றால் படித்துறைப் படிகளை மேலிருந்து வரைந்துகொண்டு வாருங்கள். ஐந்தாவது படியைப் பாதியில் நிறுத்துங்கள். ஆறாவது படியே வேண்டாம். அதற்குக் கீழே தாள் தண்ணீராகிவிடும். துணி துவைக்கிற ஒருவரின் இடுப்புக்குக் கீழே எதையும் வரையாமல் விடுங்கள், ஆழமும் வந்துவிடும். மணல் வேண்டுமென்றால் எல்லாப் படிகளையும் முடித்து, கடைசிப் படியின் அடியில் அரித்துப்போன விளிம்பைக் காட்டுங்கள். பிறகு உலர்ந்த தூரிகையால் நாலைந்து புள்ளி, ஆள் நடந்த ஒற்றையடித் தடம் ஒன்று. நீரலை என்று வளைவு வளைவாகப் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தஞ்சாவூர் ஓவியம் பார்த்து வளர்ந்த கண் நமக்கு. பலாப் பலகை, தங்க ரேக்கு, கல், மாலை, திரை என்று விரற்கடை இடம் காலி விடாத கலை அது. அதில் குறை ஒன்றும் இல்லை, அதன் அழகே அந்த நிறைவுதான். ஆனால் அந்தக் கண்ணோடு மை ஓவியத்துக்கு வந்தால் காலி இடம் பார்த்ததும் கை அரிக்கும். இரண்டையும் கற்றவர்கள் இருந்திருக்கிறார்கள். சென்னையில் 1918-ல் பிறந்த ஜெயா அப்பாசாமி சாந்திநிகேதனில் படித்து, சீனாவுக்கும் போய்ப் பயின்று வந்த ஓவியர். மராட்டியர் காலத் தஞ்சாவூர் ஓவியங்களைப் பற்றி நூல் எழுதியவரும் அவர்தான். கலை விமர்சகர் என்று அறியப்பட்ட அளவுக்கு ஓவியர் என்று அறியப்படவில்லை. பினோத் பிஹாரியை நாம் மறந்தோம் என்றால், இவரை அறிந்துகொள்ளவே இல்லை.

எந்தக் கரை

காவிரி முழுவதையும் வரையக் கிளம்ப வேண்டாம். முதலில் தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு டவுன் பஸ் ஏறுங்கள். பதின்மூன்று கிலோமீட்டர்கூட வராது. அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் கடப்பீர்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொன்றின் கரையும் எப்படி வேறுபடுகிறது என்று கவனித்தால் போதும். அதில் சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குடமுருட்டி என் சிபாரிசு. கும்பகோணத்துக்காரர்களுக்கு அரசலாறு. கல்லணை பெரிது, கூட்டமும் அதிகம், முதல் சுருளுக்கு ஆகாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகும் வனத்துறை அனுமதியும் வேண்டும், அதுவும் பிறகுதான்.

எந்தக் கரையில் நிற்பது என்பதும் கணக்குதான். ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. தென்கரையில் நின்று வடக்கே பார்த்தால் நீர் இடமிருந்து வலமாகப் போகும். நாம் தமிழ் படிக்கும் திசை. வடகரையில் நின்றால் வலமிருந்து இடம், ஜப்பானியச் சுருள் விரியும் திசை. முதல் சுருளுக்குத் தென்கரையே இருக்கட்டும்.

காலை ஆறு மணிக்குப் போய், வெயில் ஏறுமுன் எட்டரைக்குத் திரும்பிவிடுங்கள். கையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும், மையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கரையோடு நடந்து, ஐம்பது தப்படிக்கு ஒருமுறை நின்று ஒரு சிறு குறிப்புப் படம். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். போனில் பனோரமா எடுத்து வந்து வரையலாமே என்று தோன்றும். அதில் நேரான கரை வில்லாக வளைந்துவிடும். தவிர, நடந்தது கால் என்பது படத்தில் தெரியவே தெரியாது.

ஆற்றங்கரையில் நோட்டோடு நின்றால் யாராவது வந்து கேட்பார்கள்: “என்ன சார், ரோடு அளக்க வந்துருக்கீங்களா?” “இல்லண்ணே, படம் போடுறேன்” என்று நோட்டைக் காட்டிவிடுங்கள். நிலம் எடுப்பு என்றால் பயப்படும் ஊர்கள் இவை, மறைத்தால்தான் வம்பு. காட்டினால் அந்த மரம் யாருடையது, அந்த மதகு எப்போது உடைந்தது என்று வேண்டிய அளவு சொல்வார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வந்த காலத்தில் படத்துக்காக ஆற்றுக்குள் இறங்கவே கூடாது. மணல் அள்ளிய குழிகள் எங்கே இருக்கின்றன என்று மேலே தெரியாது.

சுருளாகக் கோப்பது

உயரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, நீளம் ஆறடி. துண்டுத் தாள்களை அரை விரற்கடை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மைதாப் பசையால் ஒட்டி, பாரம் வைத்து, முழுதாகக் காய்ந்தபின் வரையுங்கள். பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி வராமலிருக்க அந்தப் பசையில் துளி மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் போடாமலே விடலாம்.

குறிப்புப் படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, எது கூட்டமான இடம், எது வெறும் இடம் என்று பாருங்கள். இரண்டு கூட்டமான இடங்களுக்கு நடுவே ஒரு சாண் வெற்றிடமோ, மூட்டமான ஒரு மரவரிசையோ இருக்க வேண்டும். பினோத் பிஹாரியின் படங்களில் மரங்கள் அடிக்கடி இந்த வேலையைச் செய்யும். ஒரு காட்சியை மூடி அடுத்ததைத் திறந்துவிடும். மார்கழிப் பனியும் இதற்கு நல்ல துணை. தாளை நீரால் நனைத்து, வெளிறிய மையை ஒரு முறை இழுத்தால் வயல் மறைந்து கோபுரத்தின் தலை மட்டும் நிற்கும்.

பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தார்களே, தண்டவாளம் தூரத்தில் ஒரு புள்ளியில் சேரும் என்று, அதை இங்கே மறந்துவிடுங்கள். சுருளில் கண் நகர்ந்துகொண்டே இருப்பதால் சேரும் புள்ளி என்று ஒன்று இல்லை. கிட்டத்தில் இருப்பது கீழே, எட்டத்தில் இருப்பது மேலே. வீட்டின் பக்கவாட்டுக் கோடுகள் சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாகவே போகட்டும். பழைய ஜப்பானியச் சுருள்களில் இன்னொரு தைரியமான உத்தி உண்டு. வீட்டுக்குள் நடப்பதைக் காட்டக் கூரையையே கழற்றி வைத்துவிடுவார்கள். நம் ஊர் நீள வீடுகளுக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி. கரையோரம் ஓர் அக்ரகார வீடு வந்தால் ஓடுகளை எடுத்துவிட்டு, திண்ணையில் பேப்பர் படிக்கிறவர், ரேழியில் சாத்தி வைத்த சைக்கிள், முற்றத்தில் காயும் வடகம், கொல்லையில் ஆற்றுக்கு இறங்கும் படி என்று வரிசையாகக் காட்டலாம். சாதாரண நிலக்காட்சியில் அந்த வீடு வெறும் ஓட்டுக் கூரையாக நின்றுவிடும். சுருளில் ஒரு குடும்பமே தெரியும்.

வரையும்போது இடப்பக்கத்தில் தொடங்கி, முடித்த பகுதியைச் சுருட்டிக்கொண்டே போங்கள், காய்ந்த பிறகுதான். ஒரு நாளைக்கு ஒரு முழம் போதும். தப்பான கோடு விழுந்தால் அதன்மேல் அடர்மை பூசி மறைக்காதீர்கள், கரும்புள்ளி இன்னும் எடுப்பாகத்தான் தெரியும். அதைப் புதராகவோ நாயாகவோ ஆக்க முடிந்தால் ஆக்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிட்டு மேலே போங்கள். ஆடிக் காற்றில் தாள் பறக்கும், சித்திரை வெயிலில் தூரிகையிலேயே மை உலரும், ஐப்பசியில் பூசியது மாலைவரை காயாது. மை வேலைக்கு மாசியும் பங்குனியும் நல்ல மாதங்கள்.

முடிந்ததும் இரண்டு முனையிலும் மெல்லிய மூங்கில் குச்சியை ஒட்டி, இறுக்காமல் சுருட்டுங்கள். பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு துண்டு வசம்பு போட்டு, தரையில் படாமல் பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை வரும். மழைக்காலம் முடிந்ததும் தை மாதத்தில் ஒருமுறை நிழலில் விரித்து ஆறவிடுங்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டச் சொல்லி வீட்டில் கேட்பார்கள், சம்மதிக்காதீர்கள். யார் பார்க்க வந்தாலும் தரையில் உட்காரவைத்து, அவர்கள் கையிலேயே கொடுத்து விரிக்கச் சொல்லுங்கள். முதலில் கையைக் கழுவச் சொல்ல வேண்டும்.